தலைகீழாகப் பிடித்தால் கழுதை

அத்தியாயம் 4

துப்பறியும் உதவியாளன் வேலைக்கு எனக்கு இருந்த ஒரே தகுதி, நான் கத்தோலிக்கன் என்பதுதான். எங்கள் மூர்லிங்கன் நகரச் சட்டம் அப்படி. மேயர் இரண்டு, வைத்தியர் இரண்டு, எலி பிடிப்பவர்கூட இரண்டு. கத்தோலிக்க எலியைக் கத்தோலிக்கர் பிடிப்பார், லுத்தரன் எலியை லுத்தரன் பிடிப்பார். எலிகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு இன்னும் பிடிபடவில்லை. நகரத் துப்பறிவாளர் டோபியாஸ் க்ராம் லுத்தரன் என்பதால் அவர் பக்கத்தில் நிற்க ஒரு கத்தோலிக்கன் தேவைப்பட்டான். வெண்டலின் என்கிற நான் அகப்பட்டேன்.

க்ராம் எனக்குப் பத்து நாள் பின்னால் வாழ்கிறவர். போப் திருத்திய புதுக் காலண்டரை லுத்தரன்கள் தொடமாட்டார்கள். அவர்களுக்குப் பழையதுதான். நான் கிறிஸ்துமஸ் விருந்தில் வாத்தைத் தின்றுவிட்டு உருண்டு கிடக்கும்போது அவருக்குத் தேதி டிசம்பர் பதினைந்து. அவர் வாத்து இன்னும் முற்றத்தில் நடைபோட்டுக்கொண்டிருக்கும். நூறு வருஷத்துக்கும் மேலாக ஊர் இப்படித்தான் ஓடுகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் வெரேனாவின் பட்டறையில் நின்றோம். வாசலில் ஒரு தள்ளுவண்டி. அதில் மெத்தை, சட்டி பானை, உளிப்பெட்டி. வெரேனா பதக்கத்துக்கும் நாணயத்துக்கும் அச்சு செதுக்குகிறவள், விதவை. அன்று மதிய மணி அடிப்பதற்குள் அவள் ஊரைவிட்டுப் போயாக வேண்டும் என்று நகர மன்றம் உத்தரவு போட்டிருந்தது.

விஷயம் இதுதான். மதச் சண்டை ஓய்ந்து ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட, முந்தின நாள் வெள்ளிக்கிழமை சமாதான விழா. ஞாபகார்த்தமாக வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் எங்கள் பிஷப், மறுபக்கம் அவர்கள் போதகர். விழாவில் ஒரு மன்ற உறுப்பினர் ஒயின் மயக்கத்தில் பதக்கத்தைக் கீழே போட்டார், குனிந்தார், தலைகீழாக எடுத்தார். கையில் பிஷப் இல்லை. கழுதை இருந்தது.

பிறகு சதுக்கத்தில் முட்டைக்கோஸ் பறந்தது. என் முதுகில்கூட ஒன்று விழுந்தது, அதுவும் எங்கள் ஆட்கள் எறிந்ததே.

"நான் பண்ணல ஐயா" என்றாள் வெரேனா. அழவில்லை. கோபத்தில் அவளுக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது. "இந்தக் காதைப் பாருங்க. இது கழுதைக் காதா? எலிக் காது! கழுதை செய்யணும்னு நான் உக்காந்திருந்தா இவ்ளோ கஞ்சத்தனமாவா வெச்சிருப்பேன்?"

க்ராம் பதக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நியாயந்தான். சின்னக் காது."

"அச்சுல கூடுதலா ஒரு கோடு இழுத்தா, பதக்கத்துல அது மேடா வந்து நிக்கும். பிஷப் தொப்பியிலேர்ந்து தொங்குற ரெண்டு பட்டைய யாரோ கொஞ்சம் இழுத்து விட்டிருக்கான். கழுத்துல ஒரு கண்ணு போட்டிருக்கான். அவ்ளோதான் வேலை."

"பதக்கம் அடிக்கிறப்போ உன் கண்ணுல படலியா?" என்று நான் கேட்டேன்.

"பட்டுச்சு, நேரா. பிஷப்பை யாராவது தலைகீழாப் பாப்பாங்களா?"

க்ராம் பதக்கத்தை நேராகத் திருப்பினார். பிஷப்தான் இருந்தார்.

"அச்சு ரெண்டும் என்கிட்ட இருந்தாத்தானே ஐயா! செதுக்கி முடிச்ச அன்னிக்கே நகர மன்றத்துப் பெட்டிக்குள்ள போயிடுச்சு. மூணு வாரம் அங்கதான். போன புதன்கிழமை எடுத்துக் குடுத்தாங்க, அன்னிக்கே அடிச்சுக் குடுத்துட்டேன்." பட்டறை நடுவில் நின்ற திருகு இயந்திரத்தை அவள் தட்டினாள். ஆள் உயரத்துக்கு மேல், முழுக்க இரும்பு. "எங்க போனாலும் கூலிக்கு உளி பிடிச்சுப் பொழைச்சுக்குவேன்னு சொல்றாங்க. இதை எப்படி எடுத்துட்டுப் போறது? இதை உள்ள வெச்சுட்டுத்தான் இந்த வீட்டுக்குச் சுவரே எழுப்பினாங்க. இது இல்லாம நான் வெறும் கை ஐயா."

எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடமாக இருந்தால் என் கை சும்மா இருக்காது. பதக்கத்தை வாங்கி உருட்டினேன். போதகர் பக்கம் வந்தது. சும்மா தலைகீழாகத் திருப்பினேன்.

"ஐயா."

"என்னடா?"

"உங்க போதகர் கழுத்துல ரெண்டு வெள்ளைப் பட்டை கட்டுவாரே..."

"அதுக்கென்ன?"

"அது கொம்பாயிடுச்சு ஐயா. ஆட்டுக்கிடா."

நான் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். க்ராமுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அந்தப் போதகர்தான். க்ராமின் மீசை மட்டும் இரண்டு முறை துடித்தது.

"சிரிச்சு முடிச்சியா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க ஐயா."

ஒரு நாள் முழுக்க இதை யாரும் கவனிக்கவில்லை. லுத்தரன்களுக்குக் கழுதையைப் பார்த்துச் சிரிக்கவே நேரம் போதவில்லை. எங்கள் ஆட்களோ போதகர் பக்கத்தைத் தொட்டால் தீட்டு என்று பதக்கத்தைப் புரட்டவே இல்லை.

"வெரேனா லுத்தரன்" என்றார் க்ராம், தொப்பியை எடுத்துக்கொண்டே. "லுத்தரன் பொம்பளை தன்னோட போதகரையே கிடா ஆக்குவாளா? இதைக் காட்டினா போதும், வழக்கு முடிஞ்சுது. வாடா."

நகர மன்றம் கூடியிருந்தது. இடப்பக்கம் எங்கள் ஆட்கள், வலப்பக்கம் அவர்கள். மேலே இரண்டு நாற்காலியில் இரண்டு மேயர்கள். கத்தோலிக்க மேயர் மோசர், வெள்ளீயக் குவளைகளில் பூ வேலை செதுக்குகிறவர். லுத்தரன் மேயர் ஸ்பெத், கடிகாரம் செய்கிறவர். ஸ்பெத் என்றால் எங்கள் பேச்சில் தாமதம் என்று அர்த்தம். அவர் கடிகாரங்களும் பெயரைக் காப்பாற்றும். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. நடுவில் ஓர் எழுத்தர் உட்கார்ந்திருப்பார். "ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க அந்த ஆளை" என்று இவர் எழுத்தரிடம் சொல்வார். "குளிரினா போர்வை கொண்டாரச் சொல்லுங்க அந்த ஆளை" என்று அவர் எழுத்தரிடம் சொல்வார். எழுத்தருக்குக் கழுத்து வலி நிரந்தரம்.

க்ராம் வணங்கினார். "பெரியவங்களே, பதக்கத்தோட மறுபக்கத்தையும் ஒருதரம் தலைகீழாத் திருப்பிப் பாக்கணும்னு கேட்டுக்கறேன்."

பதக்கத்தை எடுக்க நான் சட்டைப்பையில் கைவிட்டேன்.

"ஆட்டுக்கிடா!" ஸ்பெத் மேஜையை ஓங்கித் தட்டினார். "எங்க போதகரை ஆட்டுக்கிடா ஆக்கிட்டாளே பாவி!"

வலப்பக்கம் மொத்தமும் எழுந்தது. பதக்கம் என் கையிலிருந்து பறிபோய் இருபது பேரிடம் சுற்றியது. "சொந்தப் போதகரையே இப்படிப் பண்ணினவ!" என்று ஒருவர். "கழுதையாவது பரவாயில்ல, கிடாவா?" என்று இன்னொருவர். இடப்பக்கம் எங்கள் ஆட்கள் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, பிறகு தங்கள் கழுதை ஞாபகம் வந்து மறுபடி கொதித்தார்கள். ஓட்டெடுத்தார்கள். வெரேனாவை வெளியேற்ற வேண்டும் என்று எல்லாக் கையும் உயர்ந்தது.

எழுத்தர் பேனாவோடு விழித்தார். குறிப்பேட்டில் கத்தோலிக்கருக்கு ஒரு பத்தி, லுத்தரனுக்கு ஒரு பத்தி. ஏகமனதாக ஒரு முடிவு வந்தால் எங்கே எழுதுவது என்று ஐம்பது வருஷமாக யாரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில் நடுக்கோட்டின் மேலேயே எழுதினார்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "பிரமாதம் ஐயா. உள்ள போறப்போ பாதி ஊர்தான் அவளைத் துரத்துச்சு. இப்போ முழு ஊர். இன்னும் கொஞ்சம் உதவி பண்ணினீங்கன்னா தூக்குலயே போட்டுடுவாங்க."

க்ராம் காதில் வாங்கவில்லை. "வெண்டலின், ஸ்பெத் கிடான்னு கத்தினாரே, அப்போ பதக்கம் எங்க இருந்துச்சு?"

"என் பைக்குள்ள."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் இன்னும் அதை வெளியே எடுக்கவே இல்லை!

"அப்போ ஸ்பெத்துதான் ஐயா! வாங்க, பிடிப்போம்!"

"எப்படிப் பிடிப்பே? அச்சு இருந்த அந்தப் பெட்டிக்கு எத்தனை பூட்டு?"

இரண்டு பூட்டு. கத்தோலிக்கச் சாவி மோசர் கழுத்தில், லுத்தரன் சாவி ஸ்பெத் கழுத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் மூடி எழும். ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றாமல் இருக்கத் தாத்தாக்கள் செய்துவைத்த ஏற்பாடு.

"ஸ்பெத் தனியாத் தொறக்க முடியாது" என்றார் க்ராம். "மோசரும் கூட நிக்கணும்."

"அதுக்கு ரெண்டு பேரும் பேசியாகணுமே ஐயா! ஒருத்தர் தும்மினா இன்னொருத்தர் ஆண்டவர் காப்பாத்தட்டும்னுகூடச் சொல்ல மாட்டார்."

க்ராம் படிக்கட்டின் அடியில் போய் நின்றார். அங்கே அஃப்ரா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கேதான் பிரெட்சல் ரொட்டி விற்பாள். மேலே ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பத்தரை மணி ஆகியிருந்தது. அந்த நேரத்தில் இந்த மனிதர் ரொட்டி தின்றுகொண்டு நிற்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் அஃப்ரா, நம்ம மேயருங்க யாராவது இந்தப் பக்கம் வழக்கத்துக்கு மாறா நடந்துகிட்டாங்களா, இந்த மாசம்?"

"வழக்கத்துக்கு மாறாவா? உக்காந்தாங்க ஐயா! இதே படியில!" அஃப்ரா கூடையை நகர்த்திவிட்டு வசதியாகச் சாய்ந்தாள். "மொதல்ல மோசர். ஏழாம் தேதி. என் வீட்டுக்காரர் ஏணியிலேர்ந்து விழுந்த நாள், மறக்குமா? காலையில வந்து உக்காந்தவர்தான், பொழுது சாயிறவரைக்கும் எந்திரிக்கல. ஆறு பிரெட்சல் தின்னார். தெருக்கோடியவே பாத்துக்கிட்டு இருந்தார். யாரை எதிர்பாக்கறீங்கன்னு கேட்டேன், மழை வருமான்னு பாக்குறேன்னார்."

"மழை வந்துச்சா?"

"வெயில் கொளுத்துச்சு ஐயா."

"சரி. ஸ்பெத்?"

"அவர் பத்து நாள் கழிச்சு. பதினேழு. வெள்ளிக்கிழமைங்கறதால நல்லா ஞாபகம். நாங்கள்லாம் கறி தொடாம இருக்கோம், இந்த மனுஷன் என் எதிரிலேயே உக்காந்து பன்றிக்கறிச் சாசேஜ் கடிக்கிறார்! அதுவும் நாள் பூரா. அவரும் தெருக்கோடியவே பாத்துக்கிட்டு. அவர்கிட்டயும் கேட்டேன். கோபுரக் கடிகாரத்தைச் சரி பாக்குறேன்னார். கோபுரம் அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கு!"

"விடுங்க ஐயா" என்றேன். "அவர் ஒரு நாள் வந்திருக்கார், இவர் பத்து நாள் கழிச்சு வந்திருக்கார். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? சேந்து வந்திருந்தாலாவது..."

க்ராம் மென்றுகொண்டிருந்தது புரையேறிவிட்டது. இருமினார், சிரித்தார், என் மேலெல்லாம் ரொட்டித் தூள். "வெண்டலின், உனக்கு அக்டோபர் பதினேழு. அன்னிக்கு எனக்கு என்ன தேதி?"

நான் விரலை மடக்கினேன். மடக்கி முடிப்பதற்குள் என் வாய் திறந்துகொண்டது.

"ஏழு."

"ரெண்டு பேரும் ஏழாம் தேதிதான்டா வந்திருக்காங்க" என்றார் க்ராம். "ஆளுக்கு ஒரு ஏழாம் தேதி!"

பதினொன்றே முக்காலுக்கு மன்றத்துக்குள் மறுபடி நுழைந்தோம். வெரேனாவும் வந்திருந்தாள், ஊரைவிட்டுப் போகிறவர்கள் மன்றத்தில் வந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். வண்டியைப் படிக்கட்டடியில் நிறுத்திவிட்டு, கையில் உளிப்பெட்டியோடு கதவோரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னும் என்ன?" என்றார் மோசர் எரிச்சலோடு.

"வழக்கு சம்பந்தமா இல்லீங்க ஐயா, ஒரு மனத்தாங்கல்." க்ராம் குரலைத் தேனாக்கிக்கொண்டார். "ஏழாம் தேதி வரேன்னு ஒத்துக்கிட்டு, நீங்க வராம ஏமாத்திட்டீங்களாமே. மேயர் ஸ்பெத் ரொம்ப வருத்தப்படுறார்."

அப்படி ஸ்பெத் எங்கே சொன்னார்? எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மோசருக்கு அதைவிடப் பலமாகத் தூக்கிப் போட்டது.

"நானா? நானா வரல?" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "விடிஞ்சதுலேர்ந்து பொழுது போறவரைக்கும் அந்தக் கல்லுப்படியில உக்காந்து எனக்கு இடுப்பே செத்துப்போச்சு! வராதவன் அவன்!"

"யோவ்!" ஸ்பெத்தும் எழுந்துவிட்டார். "வாய்க்கு வந்ததை ஒளறாத! ஏழாம் தேதி நான் வந்தேன்யா, ஊரே பாத்துச்சு!"

"பதினேழாம் தேதி வந்துட்டு ஏழுங்கறான் பாரு! பேருக்கேத்த மாதிரி பத்து நாள் தாமதம்!"

"எங்க கணக்குல அதான்யா ஏழு! பத்து நாளை முழுங்கினது உங்க போப்பு, போய் அவரைக் கேளு!"

"எந்தக் கணக்குன்னு நீ ரகசியமா அனுப்பின சீட்டுல எழுதித் தொலைச்சிருக்கணும்! கடைசியில மாட்டுச் சந்தை திங்கக்கிழமைன்னு நான்தானே வழி சொன்னேன்? கிழமை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னு எனக்குத்தானே தோணிச்சு?"

"உனக்கா? அது என்னோட யோசனைய்யா!"

எழுத்தர் எழுந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நேரடியாப் பேசுறாங்க" என்றார் மெதுவாக. அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

அப்போதுதான் மேயர்கள் இருவருக்கும் தாங்கள் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. ஸ்பெத் உட்கார்ந்தார். மோசரும் உட்காரப் போனார், நாற்காலி இல்லை.

க்ராம் அதற்காகவே காத்திருந்தவர்போல நடுவில் வந்தார். "அடுத்த மாசம் தேர்தல். பிஷப் கழுதையானா கத்தோலிக்க ஜனம் கொதிச்சுப்போய் மோசருக்குக் கை தூக்கும். போதகர் கிடாவானா லுத்தரன் ஜனம் ஸ்பெத்துக்குக் கை தூக்கும். ஆனா ஒருத்தர் சாவி இல்லாம இன்னொருத்தர் பெட்டியைத் தொறக்க முடியாது. மாட்டுச் சந்தை அன்னிக்கு ஊரே எருதைப் பாக்கப் போயிடுச்சு. இவங்க மாடி ஏறிட்டாங்க. கிடா பதக்கத்துல இருக்குன்னு மேயர் ஸ்பெத்துக்குப் பாக்காமலேயே எப்படித் தெரியும்னு இப்போ புரியுதா?"

இடப்பக்கத்திலிருந்து ஒரு கிழவர் கைத்தடியை உயர்த்தினார். "எங்க பிஷப் மேல அந்தக் கடிகாரக்காரனா உளி வெச்சான்?"

"அவனை விடுவேனா?" மோசர் நெஞ்சை நிமிர்த்தினார். "லுத்தரன் கை நம்ம பிஷப் மேல படலாமா? நானே என் கையால பண்ணினேன்!"

"எங்க போதகரை மட்டும் இந்தக் குவளைக்காரன் தொடலாமோ?" என்று ஸ்பெத் கத்தினார். "நானும் என் கையாலதான்!"

மன்றம் மொத்தமும் திரும்பி இருவரையும் பார்த்தது. மோசருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை போலும். "அதுவும் மரியாதையாத்தான் செஞ்சேன்" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். "பிஷப் ஆச்சேன்னு காதை முடிஞ்சவரைக்கும் சின்னதா வெச்சேன்."

கதவோரத்திலிருந்து வெரேனாவின் குரல் வந்தது. "அப்பவே சொன்னேனே ஐயா! எலிக் காதுன்னு!"

மதிய மணி அடித்தது. சூரியன் ஒன்றுதான் என்பதால் இரண்டு கோயிலும் சேர்ந்தே அடித்தன. பன்னிரண்டாவது அடி ஓய்வதற்குள் வெரேனா உளிப்பெட்டியை மன்றத்து மேஜை மேலேயே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். க்ராம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கண் எரிந்தது, ரொட்டித் தூள் என்று சொல்லிவைத்தேன்.

உத்தரவு ரத்து. மேயர்களின் சாவி இரண்டும் பறிமுதல். வண்டியிலிருந்த சாமான்களைப் பட்டறைக்குத் திருப்பிச் சுமப்பதும் அவர்கள் தலையில் விழுந்தது, எழுத்தர் உதவி இல்லாமல். அன்று சாயங்காலம் மெத்தையின் ஒரு முனையில் மோசர், மறுமுனையில் ஸ்பெத். "தூக்குய்யா." "நீ தூக்குய்யா." "இந்தப் பக்கம் திருப்பு." "எந்தப் பக்கம்?" "உன் பக்கம்!" தெரு முழுக்க ஜன்னல் திறந்து வேடிக்கை பார்த்தது. அஃப்ரா அன்று கூடையைக் காலி பண்ணினாள்.

புதுப் பதக்கத்துக்கும் வெரேனாவுக்கே ஆணை போனது. ஒரே பக்கம், இரண்டு சாவி. தலைகீழாகப் பிடித்தாலும் சாவிதான் என்று அவள் மன்றத்தில் நாலு தடவை திருப்பிக் காட்டினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தேதி போடலாம் என்றதும் மறுபடி ஆரம்பித்தது. இடப்பக்கம் ஒரு தேதி, வலப்பக்கம் பத்து நாள் குறைத்து ஒரு தேதி. முட்டைக்கோஸ் தேடி ஒருவர் வெளியே போனதை நானே பார்த்தேன்.

வெரேனா யாரையும் கேட்கவில்லை. அச்சை மடியில் வைத்து, குனிந்து, உளியால் இடம் வலம் மாற்றி எழுத்து எழுத்தாகச் செதுக்கினாள். இயந்திரத்தில் வைத்து ஒரு திருகு. முதல் பதக்கத்தைத் துடைத்து க்ராம் கையில் கொடுத்தாள். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

மூர்லிங்கன் நகரம். ஒரு திங்கட்கிழமை.